நியூ லிண்டாவில் கை நனைத்தது

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடேன்மா. ஆங், போதும். பிளேன்ல இருந்து இருந்து மூஞ்சியெல்லாம் இறுகிப்போச்சு. வேண்டாம், மூடிரு, புழுதியா வருது. பாதி தொறந்து வையி. நீ எங்க எறங்கணும்? திருநெல்வேலியா? நான் கோயில்பட்டி. நான் எறங்குன பெறகு நீ காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்.

போன் அடிக்குது, தெரியும்மா. எனக்கும் கேக்கு. அடிக்கட்டும். எங்க அண்ணந்தான். மாட்டுத்தாவணியில ஏறுனதுல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான். மதுரைக்கே கார் கொண்டாறேன்னான், நாந்தான் வேண்டாம்னேன். கார்னா ரெண்டு மணி நேரம் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு பக்கத்துல உக்காரணும். பஸ்ஸுன்னா உன்னை மாதிரி ஒரு புண்ணியவதி கிடைப்பா. விருதுநகர் தாண்டட்டும், எடுக்கேன்.

அமெரிக்காவுல இருந்து வாறேன். பெட்டியப் பாரு, அந்தச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. எம்மகன் வரதன் அங்க டெக்சாஸ்ல ஹூஸ்டன்ல இஞ்சினியரு. ஒத்தப் பிள்ளை. அவன் நாலாங்கிளாஸ் படிக்கும்போதே அவுக அப்பா போயிட்டாக. அதுக்குப் பெறகு பூராவும் எங்க அண்ணன் திருவேங்கடந்தான். காய்ச்சல்னா தூக்கிக்கிட்டு ஓடுனவனும் அவன், காலேஜுல கொண்டு சேத்தவனும் அவன். அண்ணனுக்கு ஒரே பொண்ணு ஹேமா. கோயம்புத்தூர்ல பேங்குல வேலை. வரதனுக்கு முறைப்பொண்ணு. இவனுக்கு அவ, அவளுக்கு இவன்னு சின்னதுலயே பேசுனது. நாந்தான் வாக்கு குடுத்தேன். எங்க அண்ணன் அப்பக்கூட, பிள்ளைக வளரட்டும்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல.

ஹேமாகிட்ட கேட்டீகளாவா? நல்லா கேட்ட போ. முறைப்பொண்ணுகிட்ட என்னத்தக் கேக்க? தங்கமான பிள்ளை. நான் கெளம்பும்போது ஏர்போர்ட்டுக்கு வந்து, அத்தே, அங்க போயி வயித்தக் காயப்போடாதீங்க, அவுக என்ன குடுத்தாலும் நல்லா சாப்பிடுங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவளுக்கு. அத்தை மேல அம்புட்டுப் பாசம்.

நீ கொஞ்சம் இந்தப் பையப் பிடி, என் காலுக்குக் கீழ என்னமோ உருளுது. தண்ணி பாட்டில். சரி, இருக்கட்டும்.

எங்க விட்டேன்? வரதன் போன் பண்ணான். அம்மா, ஹன்னான்னு ஒரு பொண்ணு, கூட வேலை பாக்குறா, அவளைத்தான் கட்டிக்கிடப்போறேன், நீங்க வந்து அவுக வீட்டைப் பாக்கணும், அவுக ஊர்ல திருவிழா வருது, அதுக்கு வாங்கன்னான். எனக்குத் தலையில கல்லப் போட்ட மாதிரி ஆயிருச்சு. நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கத்துவான்னு பாத்தேன். கத்தல. வெத்தலைய மடிச்சு வாயில போட்டான். பெறகு, நீ போயிட்டு வா, போன்ல சொன்னா எடுபடாது, நேர்ல போயி மரியாதையா வேண்டாம்னு சொல்லிட்டு வா, அவுகளும் ஒரு பிள்ளையப் பெத்தவுகதானன்னான். வாசல் வரைக்கும் வந்து, ரெங்கநாயகி, ஒன்னு மட்டும், அந்த வீட்டுல கை நனைச்சிராதன்னான்.

உனக்குத் தெரியுமோ என்னமோ, உங்க வயசுக்காரிகளுக்கு இதெல்லாம் யாரு சொல்லுதா. சம்பந்தம் பேச ஒரு வீட்டுக்குப் போனா, முடிவாகுற வரைக்கும் அங்க சாப்பிடக் கூடாது. தண்ணி குடிக்கலாம். காப்பி, அது அவுகவுக வசதி. சோத்துல கைய வச்சாச்சுன்னா சம்மதம்னு அர்த்தம். அதுக்குப் பெறகு பேச்சு மாறக் கூடாது. எங்க பெரியப்பா பகல் பூரா பட்டினி கெடந்துட்டு, திரும்பி வாற வழியில மரத்தடியில கட்டுச்சோத்தத் தின்னுட்டு வந்திருக்காக. அதனால நானும் பையில முறுக்கும் நம்ம ஊரு கடலைமிட்டாயும் எடுத்துக்கிட்டேன். கடலைமிட்டாய் பாதி அவுகளுக்கு, பாதி எனக்கு.

ஹூஸ்டன்ல எறங்கி வீடு போனா எனக்கு இருப்பே கொள்ளல. இவன் ஆபீசுக்குப் போயிருவான். நான் ஹால்ல இருந்து அடுப்படி, அடுப்படியில இருந்து ஹால். சொல்லப்போறத மனப்பாடம் பண்ணிக்கிட்டே நடப்பேன். "தப்பா நெனைச்சிக்கிடாதீக. உங்க பொண்ணு நல்ல பொண்ணு. எங்க மேலயும் உங்க மேலயும் கொறை இல்ல. ஆனா எங்க பழக்கவழக்கம் வேற, உங்க பழக்கவழக்கம் வேற. எங்களுக்குள்ளயே பேசி வச்சிருக்கோம்." இம்புட்டுத்தான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. கண்ணாடி முன்னால நின்னு கூட சொல்லிப் பாத்தேன்.

அந்த ஊரு பேரு நியூ லிண்டாவ். கார்ல காலையில கெளம்புனா மத்தியானம் ஆயிருது. ரோட்டுல போகப் போக மேடும் பள்ளமும் முள்ளுமரமுமா, எனக்கு நம்ம கழுகுமலைப் பக்கம் போற மாதிரிதான் இருந்துச்சு. ஊருக்குள்ள நுழைஞ்சா, ஏம்மா, எல்லா ஆம்பிளையும் தோல் டவுசர் போட்டிருக்கான். அறுபது வயசுக்காரன், எழுபது வயசுக்காரன், தொந்தி தள்ளுனவன், எல்லாரும் தோல்ல அரை டவுசரு, அதுக்கு மேல தோள்பட்டையில வாரு. பொம்பளைகள்லாம் பாவாடையும் முன்னால ஏப்ரனும். அத்தனை கடையிலயும் ஜெர்மன்ல போர்டு. இது என்ன ஊருடான்னா, ஜெர்மன்காரங்க ஊரும்மாங்கான் வரதன். எப்ப வந்தாகன்னா, நூத்தெழுபது எம்பது வருஷம் இருக்கும், கப்பல்ல வந்தாகங்கான்.

நூத்தெழுபது வருஷம். அதுக்குப் பெறகும் நான் ஜெர்மன்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாக. கூட ரெண்டு பேரு மேளமும் ஊதுகுழலும் வச்சு வாசிச்சா அதுக்கு ஒரு ஆட்டம். சரி, உங்க பாஷைய பேசுங்கடான்னு பாத்தா, வணக்கத்துக்கு ஒரு வார்த்தை, நன்றிக்கு ஒரு வார்த்தை, பீருக்கு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது. பெறகு பூராவும் இங்கிலீசு.

போன் நின்னுருச்சு பாரு. இப்ப மறுபடி அடிப்பான்.

ஹன்னாவோட அப்பா பேரு கர்ட், அம்மா பேரு டெப்பி. அவரு அங்க ஆடு மாடு, வைக்கோல்னு பெரிய தோட்டம் வச்சிருக்காரு. ஆளு ஒசரம், கை ரெண்டும் மம்பட்டி மாதிரி. தோல் டவுசர்தான் அவரும். டெப்பி ஓடி வந்து என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. நான் ஒரு மூச்சு நிறுத்திக்கிட்டேன். ஹன்னா சேலை கட்டியிருந்தா. முந்தானைய எதுக்கோ இடுப்புல சொருகி, பின்னால ஊக்கு ஒன்னு வானத்தப் பாத்து நிக்கு. பொண்ணு கறுப்பா செவப்பான்னு எங்க அண்ணன் கேப்பான்ல, மூக்குல பூராவும் புள்ளிபுள்ளியா இருக்கு. சிரிச்சா நல்லா இருக்கா. அதுல கொறை சொல்ல முடியாது.

சாயங்காலம் வரைக்கும் என்ன அலைக்கழிச்சாக பாரு. திருவிழாவாம். சர்ச்சுக்குப் போனோம். அங்க இருந்து பழைய பள்ளிக்கூடம். அங்க இருந்து கிளப்பு. மரக்கட்டையில ஒன்பது குத்திய வரிசையா நிக்க வச்சு பந்த உருட்டி அடிக்கிறாக. அது அவுக ஊர் வெளையாட்டாம், அங்க மட்டுந்தான் இப்பவும் ஆடுதாகளாம், குத்திய மிஷின் எடுத்து வைக்காதாம், ஆளுதான் எடுத்து வைக்கணுமாம். தாத்தா ஆடுன கிளப்புலதான் பேரனும் ஆடணும். அதுல கர்ட்டுக்கு என்ன பெருமை பாத்துக்க. செவத்துல போட்டோவக் காட்டி, இது எங்க அப்பா, இது அவுக அப்பா, இது அவுக அப்பான்னு வரிசையா சொல்லுதாரு. எல்லாம் ஒரே மீசை.

ஒவ்வொரு எடத்துலயும் திங்கிறதுக்கு என்னமாவது நீட்டுவாக. ரொட்டில சுத்துனது, ஆப்பிள வச்சு மடிச்சது, வறுத்தது, பொரிச்சது. டெப்பி தட்ட எடுத்துக்கிட்டு பின்னாலயே வாறா. நான் கையக் கும்பிட்டு விரதம் விரதம்னுக்கிட்டே போறேன். வெயில்னா நம்ம சித்திரை வெயில். எனக்குக் கண்ணு இருட்டுது. கக்கூசுக்குள்ள போயி ரெண்டு கடலைமிட்டாயக் கடிச்சுட்டு வந்தேன். டெப்பி முகம் வாடிப்போச்சு. ஹன்னா மட்டும் ஒரு வாட்டி கூட ஒன்னும் குடுக்க வரல. தண்ணி பாட்டில மட்டும் தந்துக்கிட்டே இருந்தா. பாத்தியா, மாமியாக்காரிக்கு ஒரு வாய் சாப்பிடுங்கன்னு சொல்லத் தெரியுதான்னு மனசுக்குள்ள குறிச்சு வச்சுக்கிட்டேன்.

இடையில கர்ட் என்னப் பாத்து, நீங்க தமிழான்னு கேட்டாரு. எனக்கு இங்கிலீசு கேட்டா கொஞ்சம் கொஞ்சம் புரியும், பேசத்தான் வராது. வரதா, நாம தமிழ் இல்ல, வீட்டுல தெலுங்குன்னு சொல்லுடான்னேன். நாங்க தெலுங்குதான்மா. ஆமா, கோயில்பட்டிதான். எங்க பாட்டன் பூட்டன்லாம் அங்க ஆந்திராவுல இருந்து வந்தவுக. எப்ப வந்தாகளா? யாருக்குத் தெரியும், ஒரு நானூறு ஐந்நூறு வருஷம் இருக்கும். ஆனாலும் விடல பாத்துக்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சா தெலுங்குதான். எழுதப் படிக்கவா? அது தெரியாது. அது எதுக்கு நமக்கு?

அவரு உடனே, உங்க பூர்வீக ஊருக்குப் போயிருக்கீங்களான்னு கேட்டாரு. போகாம என்ன, வருஷம் தவறாம திருப்பதி போவோம்னேன். அங்க தெலுங்குல பேசுவீங்களான்னாரு. பேசுவோம், நாம தெலுங்குல கேட்டா கடைக்காரன் தமிழ்ல பதில் சொல்லுவான், அவனுக்கு எங்க பேச்சு புரியாதுன்னேன். ஏன்னா எங்களது பழைய தெலுங்கு, சுத்தமானது. இப்ப அங்க இருக்கவுக பேசுறதுதான் கெட்டுப்போச்சு. வரதன் இதை இங்கிலீசுல சொல்லிட்டு செவத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான். இவன் எதுக்குச் சிரிக்கான்னு எனக்கு இன்னும் வெளங்கல. கர்ட் சிரிக்கல. அவரும் ஜெர்மனிக்குப் போயிருக்காராம், ரெண்டு வருஷம் முன்னால. பாட்டன் ஊரைத் தேடிக் கண்டுபிடிச்சு, ஒரு காப்பிக்கடையில உக்காந்து, சின்னப்பிள்ளையில அவுக அத்தைமாரு பேசக் கேட்ட ஜெர்மன்ல ஆசையா என்னமோ கேட்டிருக்காரு. கடைக்காரி இங்கிலீசுல பதில் சொல்லிட்டாளாம். சொல்லும்போது மனுசன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான். அந்த ஊரு மறந்துருச்சு, பாஷை மறந்துருச்சு, இன்னமும் டவுசரைப் போட்டுக்கிட்டு என்ன பெருமை?

இது என்ன, விருதுநகரா? இங்க நிக்காதா? நின்னா ஒரு டீ குடிக்கலாம். சரி, ஓட்டட்டும். எனக்கென்ன அவசரம்? அவசரமே இல்ல.

சாயங்காலம் போல அவுக ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாக. சிரிக்காத, பேரே அதுதான். அந்தக் காலத்துல தோட்டத்துல இருந்து சனிக்கிழமை வண்டி கட்டி வந்து, சந்தை முடிச்சு, ராத்திரி தங்கி, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டுத் திரும்புறதுக்குன்னே ஊருக்குள்ள ஒரு குட்டி வீடு கட்டி வச்சிருக்காக. ஒரு ரூமு, ஒரு அடுப்படி. இப்பவும் திருவிழாவுக்கு அங்கதான் சாப்பாடு. மேசை பூரா டெப்பி சமைச்சு அடுக்கி, மேல துணியப் போட்டு மூடியிருந்தா. எனக்குன்னு மாடு இல்லாம, பன்னி இல்லாம, எல்லாம் கோழியில பண்ணியிருக்கா. ரெண்டு நாளா பண்ணாளாம். அந்த வாசனைக்கு எனக்குப் பசி தாங்கல. சரி, இதுதான் நேரம், துணிய எடுக்கதுக்கு முன்னால சொல்லிரணும்னு தொண்டையச் செருமுனேன்.

நான் வாயத் தொறக்கதுக்குள்ள கர்ட் பேச ஆரம்பிச்சுட்டாரு.

எந்திரிச்சு நின்னு, தொப்பிய மேசையில வச்சுட்டு, வரதா, நீ அம்மாவுக்கு அப்படியே சொல்லணும்னாரு. வரதன் ஒவ்வொரு வரியா சொல்லுதான். "தப்பா நெனைச்சிக்கிடாதீங்க. உங்க பையன் நல்ல பையன். உங்க மேலயும் எங்க மேலயும் குறை இல்லை. ஆனா எங்க பழக்கவழக்கம் வேற, உங்க பழக்கவழக்கம் வேற." ஏம்மா, நான் மனப்பாடம் பண்ணதும்மா. அச்சு அசலா அதேதான். எனக்கு முதல்ல, வரதந்தான் நான் ஹால்ல நடந்தப்ப கேட்டுட்டு எடுத்துவிடுதானோன்னு சந்தேகம். அவன் முகத்தப் பாத்தேன். ரத்தம் செத்துப்போயி நிக்கான். கர்ட் சொல்லிக்கிட்டே போறாரு. இந்தத் தோட்டம் ஆறு தலைமுறையா எங்க கையில இருக்கு. ஹன்னா ஒரே பிள்ளை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், டிராவிஸ்னு, அவுக அப்பாவும் நானும் ஒரே கிளப்பு, சின்னதுலயே பேசிக்கிட்டதுதான். எங்க ஆளுக ரொம்பக் கொஞ்சம் பேருதான் மிச்சம், நாங்களும் விட்டுட்டா பெறகு ஒன்னும் இருக்காதுன்னாரு.

டெப்பி, கர்ட் கர்ட்டுன்னு அவரு சட்டையப் பிடிச்சு இழுக்கா. ஹன்னா அழல. தலையக் குனிஞ்சு அந்தச் சேலைக் கொசுவத்த மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கா.

எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும். யோசிச்சுப் பாரு. நான் சொல்ல வந்தத அவரே சொல்லிட்டாரு. பழி இல்ல, பாவம் இல்ல. நன்றின்னு கும்பிட்டுட்டுக் கார்ல ஏறியிருக்கலாம். எங்க அண்ணன் முகத்துல முழிச்சிருக்கலாம். இப்ப போன் அடிச்ச உடனே எடுத்திருக்கலாம்.

ஆனா எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் பிள்ளைய வேண்டாம்னு சொல்ல இவரு யாரு? என்ன கொறையக் கண்டாரு? குடிப்பானா, பொய் சொல்லுவானா? அப்பன் இல்லாம வளந்த பிள்ளை, ஒரு நாளு என்ன எதுத்துப் பேசியிருப்பானா? நம்ம பிள்ளைய நாம ஆயிரம் சொல்லலாம். அடுத்தவுக சொல்லலாமா? அதுவும் ஒரு பாஷையத் தொலைச்சுட்டு டவுசர மட்டும் வச்சுக்கிட்டு இருக்கவரு. வரதா, என் பிள்ளைக்கு என்ன கொறைன்னு கேளுடான்னேன். அவன் கேக்கல. அம்மா, விடுங்க, போயிருவோம்னான். அவன் குரலு ஒடைஞ்சுபோச்சு. அவன் அப்பா போன அன்னைக்குத்தான் அந்தக் குரலக் கேட்டேன். அதுக்குப் பெறகு இப்பத்தான்.

அடுப்படியில குழாய் இருந்துச்சு. போயி ரெண்டு கையையும் கழுவுனேன். வந்து நாற்காலிய இழுத்துப்போட்டு உக்காந்தேன். துணிய எடுத்தேன். உருளைக்கிழங்கு இருந்துச்சு, கடுகு போட்டது. முட்டைக்கோசப் புளிக்க வச்சு ஒன்னு. கோழிய அடிச்சுத் தட்டி ரொட்டித்தூள்ல பெரட்டி வறுத்தது. எல்லாத்தையும் தட்டுல போட்டு, கையால பெசைஞ்சு வாயில வச்சேன்.

வரதன் தெலுங்குல, அம்மா, என்ன பண்ணுறீங்கன்னான். என்ன பண்ணுறேன், கை நனைக்கேன்னேன். மாமாவுக்கு என்ன சொல்லுவீங்கன்னான். நீ சும்மா இருடான்னேன். அவன் அப்படியே செவத்தோட சாஞ்சு உக்காந்துட்டான், தரையில.

அப்பத்தான் ஹன்னா அழுதா. அவளுக்குத் தெரியும்மா. வரதன் முன்னமே சொல்லியிருக்கான், அம்மா சாப்பிடலைன்னா சம்மதம் இல்லைன்னு அர்த்தம், நீ கட்டாயப்படுத்தாதன்னு. அதான் நாங்க போனதுல இருந்து தண்ணி மட்டும் தந்திருக்கா. நான் அவளத் திமிரு பிடிச்சவளுன்னு நெனைச்சேன் பாரு. அழுதுக்கிட்டே அப்பாகிட்ட இங்கிலீசுல என்னமோ வேகமா சொல்லுதா. டெப்பி வாயப் பொத்திக்கிட்டா. கர்ட் என்னையவே பாத்துக்கிட்டு நிக்காரு. நானும் அவரப் பாத்துக்கிட்டே சாப்பிடுதேன். சாப்பிட்டுட்டு டெப்பிகிட்ட தட்ட நீட்டி, இன்னும் கொஞ்சம் வைம்மான்னேன். தமிழ்லதான். அவளுக்குப் புரிஞ்சுருச்சு.

கர்ட் எதுக்க நாற்காலியில உக்காந்தாரு. சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. கடுகுச் சாந்து வச்சிருந்த டப்பாவ எங்கிட்டத் தள்ளி வச்சாரு. அதத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடணும்னு கையால காட்டுனாரு. தொட்டுக்கிட்டேன். மூக்குல ஏறிருச்சு, கண்ணுல தண்ணி. அவரு முதல் தடவையா சிரிச்சாரு. அவரு பொண்ணோட அவரு பேசித் தீத்துக்கிடட்டும். அது அவரு பாடு. என் பக்கத்துல முடிஞ்சுது.

ருசியா? உப்பு கம்மி. கோழி நல்லாத்தான் இருந்துச்சு. பசி, அதான் சாப்பிட்டேன்னு சொல்லிரலாமான்னு பிளேன்ல பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன். அண்ணே, மயக்கம் வந்துருச்சு, தெரியாம சாப்பிட்டுட்டேன், அது கணக்குல வராதுன்னு. வருமா? நீ சொல்லு. அப்பிடிச் சொன்னா அவன் நம்பிக்கிடுவான். என்ன சொன்னாலும் நம்புவான். அதான் போனை எடுக்க மனசு வரல.

சாத்தூர் தாண்டிருச்சா? எப்ப தாண்டுச்சு? சொல்லியிருக்கலாம்ல நீ. இந்தா அடிக்குது. இரு, எடுத்துருதேன்.

ம். பேசிட்டேன். தெலுங்குல பேசுனது உனக்கு வெளங்கியிருக்காது. ஏன் அப்பிடிப் பாக்க? அழுகை இல்ல, புழுதி. அழுகைதான், உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.

எடுத்ததும், ஏன்டி போனே எடுக்கல, பயந்துட்டேன்னான். மதினி காலையில இருந்து அடுப்படியிலயே நிக்கா, அயிரை மீன் கொழம்பும் கத்திரிக்காயும் உனக்குப் பிடிக்குமேன்னு வச்சிருக்கா, எறங்குனதும் நேரா நம்ம வீட்டுக்குப் போயிருவோம்னான். இம்புட்டு நாளா யோசிச்சு வச்ச பொய்யி ஒன்னும் வாயில வரல. அண்ணே, நான் அங்க கை நனைச்சுட்டேன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

  அவனுக்குப் பின்னால பஸ் ஸ்டாண்டுல மதுரை மதுரைன்னு கத்துறது கேக்கு. பெறகு, வயிறு நெறையச் சாப்பிட்டியான்னு கேட்டான். ஆமாண்ணே, ரெண்டாந்தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்னேன்.

சரின்னான். கோவமா சொல்லியிருந்தா எனக்கு இம்புட்டு இல்ல. சரி, எறங்குன எடத்துலயே நில்லு, பெட்டிய நீ தூக்காத, இடுப்பு பிடிச்சுக்கிடும், நான் வந்து எடுக்கேன், உன் வீட்டுல கொண்டு விட்டுருதேன்னான். பெறகு, மதினி வச்சத நாங்க சாப்பிட்டுக்கிடுதோம், நீ வழியில ஓட்டல்ல எதாவது வாங்கிக்கன்னான்.

வெளங்குதா உனக்கு? அவன் வீட்டுல எனக்கு இனிமே இலை கிடையாது.

வரதன் அப்பா போன பெறகு, பதினாறு முடியிற வரைக்கும் நான் அடுப்புப் பத்த வைக்கல. அவன் வீட்டுல இருந்துதான் தூக்குவாளி வரும். அதுக்குப் பெறகும் ஒரு நல்ல நாளு, ஒரு பொங்கலு, நான் அங்க சாப்பிடாம இருந்ததே இல்ல.

கோயில்பட்டி வந்துருச்சு. அந்தா நிக்கான் பாரு, வெள்ளச் சட்டை. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டே வாறான். கொஞ்சம் அந்தப் பையக் குடும்மா, நான் எறங்கணும்.